தூக்காத கை

கோல் அடித்தவனைத்தான் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். கோல் விழாமல் காத்தவனை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒன்று விழுந்துவிட்டால் மட்டும் அத்தனை பேரும் அவனைத்தான் தேடுவார்கள். பதினான்கு வருடமாக எனக்கு அந்தப் பிழைப்புதான். டிஃபெண்டர். மூக்கு இரண்டு தடவை உடைந்திருக்கிறது. அதற்கெல்லாம் நான் அசரவில்லை.

என் மானத்தை வாங்கியது என் வலது கை. பந்து உதைபடும் முன்பே எதிரணிக்காரன் எங்களைத் தாண்டி நின்றால் அது ஆஃப்சைடு. உடனே கையைத் தூக்கிக்கொண்டு, கோட்டோரம் கொடியோடு நிற்கும் நடுவரைப் பார்ப்போம். அவர் கொடியைத் தூக்கினால் கோல் செல்லாது. டிஃபெண்டர்களுக்கே உள்ள வியாதி அது. போன வருடக் கடைசி ஆட்டத்தில் அப்படித்தான் நின்றேன். கொடி எழவில்லை. அவன் சாவகாசமாகப் போய் கோல் அடித்தான். கோப்பை போயிற்று.

கோச் சுற்றி வளைக்கவில்லை. "முப்பத்தி நாலு வயசாச்சு. இந்த வருஷத்தோட ஒப்பந்தம் முடியுது. இன்னொரு தடவை கை மேல போச்சுன்னா, நீ வீட்டுக்குப் போகலாம்."

வீட்டில் மனைவி, "பஸ்ஸை நிறுத்தத்தான் கையைத் தூக்கணும். வர்றவன் என்ன பஸ்ஸா?" என்றாள். கோபம் வந்தது. வழியையும் அவளே சொன்னாள். கை துறுதுறுக்கும்போது டிரவுசர் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலையிலேயே வீட்டுக்குப் பின்னால் சந்தில் ஆரம்பித்தோம். எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் அவள் தம்பி பந்தோடு என்னைத் தாண்டி ஓடுவான். அவள் மாடிப்படியில் நின்று "ஆஃப்சைடு, ஆஃப்சைடு" என்று கத்துவாள். கை எழும்பினால் மறுபடி முதலிலிருந்து.

"மாமா, நான் வேலைக்குப் போகணும்."

"போகலாம்டா. இன்னும் பத்து தடவை."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பார்த்துவிடலாம் என்று எட்டு மாதம் விடாமல் செய்தேன்.

இந்த வருடக் கடைசி ஆட்டம். ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம், இரண்டு நிமிடம் பாக்கி. எதிரணிக்காரன் எங்களைத் தாண்டி இரண்டடி முன்னால் நின்று பந்தை வாங்கினான். எங்கள் கோல் கீப்பர் உட்பட நான்கு பேர் கையைத் தூக்கினார்கள். என் கையும் துடித்தது. டிரவுசரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கோல் கோட்டருகே சறுக்கி விழுந்து பந்தை வெளியே தள்ளினேன். டிரவுசர் இடுப்புவரை கிழிந்தது. எழுந்து பார்த்தால், கொடி எப்போதோ எழுந்திருந்தது. விசிலும் ஊதிவிட்டார்களாம். மைதானமே சிரித்தது.

ஜெயித்துவிட்டோம். உடை மாற்றும் அறையில் கோச் என் முன்னால் வந்து நின்றார்.

"கொடி தூக்கியாச்சே. அப்புறம் எதுக்கு உயிரைக் குடுத்து ஓடினே?"

"கொடியை நான் பாக்கல."

கிழிந்த டிரவுசரை ஒரு தடவை பார்த்தார். "அடுத்த வருஷமும் பாக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தேன்.

"டிரவுசர் கிழிஞ்சு போச்சு," என்றேன்.

"கை?"

"கீழயே இருந்துச்சு. இன்னும் ஒரு வருஷம் குடுத்துட்டார்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"சரி," என்றாள். "தம்பியை நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வரச் சொல்றேன்."