கடைசி இடத்துப் போர்டு

"நம்பர் போடாம எவனாவது தட்டுவானா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"ரேக்குல இருக்கறது எல்லாம் ஒரே ஆர்டர்னு நெனச்சேம்மா!"

"நெனச்சாராம் தொர! அண்ணன்தான் போனான், இப்ப கொரலும் போச்சே!"

மாமியார் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் தாமாகவே திறந்துகொண்டன. எல்லாம் ஓர் அக்கறைதான். மருமகள் மட்டும் கதவோரம் நின்றாள். புருஷன் மாரடைப்பில் போய் வருஷம் திரும்பவில்லை. இப்போது கொழுந்தன் அழித்துவிட்டது அவனுடைய குரலை.

லிஃப்டுக்குள் அறிவிப்புப் பேசும் சர்க்யூட் போர்டுகளைத் தயார் செய்யும் குடும்பம், முன்னறைதான் பட்டறை. போர்டுகளை வரிசையாக ரேக்கில் செருகிவிட்டு, அதோடு இணைத்த கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். பழையது அழிந்து, புதியது ஏறி, போர்டு பேசத் தொடங்கும். எந்தப் போர்டுக்கு என்று நம்பர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ரேக்கில் உள்ள அத்தனைக்கும். ஒரே ஆர்டர் என்றால் நம்பரை விட்டுவிடுவது, தம்பிக்கு மூத்தவனே பழக்கிய சோம்பேறித்தனம்.

மூத்தவன் கேமராவைக் கண்டால் ஓடுகிற ரகம். அவன் குரல் மிஞ்சியது ஒரே ஒரு போர்டில். "கதவு மூடுகிறது, விலகி நில்லுங்கள்" என்று அவன் பதிவு செய்தபோது மனைவி சாப்பிடக் கூப்பிட, "இதோ வந்துட்டேன்டி" என்ற பதிலும் சேர்ந்து பதிவாகிவிட்டது. எந்தக் கட்டடத்துக்காரன் அதை வாங்குவான்? கழித்த சரக்கென்று டிராயரில் போட்டான்.

"டிராயர்ல கெடந்தது தானா நடந்து வந்தா ரேக்குல உக்காந்துச்சு?" என்றாள் மாமியார்.

கொழுந்தன் ரேக்கைப் பார்த்தான். கடைசி இடத்தில் அந்தப் போர்டு. அதிலிருந்து தொங்கியது அண்ணியின் ஹெட்போன்.

அங்கே செருகியவள் மருமகள்தான். மாமியார் கண்ணயரும் மதியங்களில் அவள் அதைச் செருகி, அவன் வந்துவிட்டதாகச் சொல்வதைக் கேட்பாள். இன்று பால் பொங்குகிற வாசனைக்கு அடுப்படிக்கு ஓடியவள், கழற்ற மறந்துபோனாள். 'நான்தான் அத்தை' என்று சொல்ல வாய் திறந்தாள். சொன்னால், இத்தனை நாள் ஒரு போர்டோடு குடித்தனம் நடத்தியதையும் சொல்லியாக வேண்டும்.

"நாந்தாம்மா எடுத்து வச்சேன், ஏதோ ஞாபகத்துல." கொழுந்தன் ஹெட்போனை உருவிச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"எதுக்கும் ஒருதடவ ஓட்டிப் பாருடா."

ஓட்டினான். விலைக்கு வாங்கிய பெண்குரல் ஒன்று, கதவு மூடுவதாகக் கணீரென்று சொன்னது. அதற்குப் பிறகும் மூவரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து தாய் சின்னவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் தெரு ஒரு முடிச்சுப் போட்டுப் பார்த்தது, பலிக்கவில்லை. அவன் வெளியூரில் வேலை தேடிக்கொண்டு, அங்கேயே ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு அண்ணி மட்டும் போய், சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பேசிவிட்டு வந்தாள்.

மாமியாரும் மருமகளும் பட்டறையை மூடிவிட்டு, இப்போது வேறு பேட்டையில், லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள். மூட்டுவலிக்காரி ஒவ்வொரு படிக்கும் சின்ன மகனைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரும் மருமகள், "பாத்து அத்தை" என்பதோடு சரி.