வல்லாரை மூடாத தடம்

முகுந்தன் காணாமல் போன வாரம், அவனைத் தேடி வந்த போலீஸ்காரர்கள் டாக்குரியா வீட்டின் கொல்லையைக் கிளறிப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தச் சேற்றை மூடத்தான் அவன் அம்மா காமு வல்லாரை நட்டாள். பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, தெருவுக்கே பௌதி, ஒரு பிடி பிடுங்கிக் கொடுத்தாள். அவர்கள் பேச்சில் அது தான்குனி. வயிற்றுக்கு நல்லது என்று அரைத்துச் சாப்பிடுவார்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டுக் கொல்லை முழுக்கப் படர்ந்தது. பின்கதவிலிருந்து சமையலறைப் படிவரை மட்டும், ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு, மண் வெறுமையாகவே கிடந்தது. கொல்ல நினைத்தாலும் சாகாத செடியை மதராஸிகள் எப்படித்தான் சாகடிக்கிறீர்களோ என்று பௌதி சிரித்தாள்.

வீட்டிலிருந்த நாளில் முகுந்தன் வந்துபோனதெல்லாம் அந்த வழியில்தான்.

அவன் அப்பா வாஞ்சிநாதன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்தத் தடத்தைக் கொத்தி, எரு போட்டு, தண்டுகளைப் பதித்தார். காலையில் அவை மண்ணோடு நசுங்கிக் கிடந்தன. மனைவிதான் மிதிக்கிறாள் என்று நினைத்தார். கேட்கவில்லை. அந்த வீட்டில் கேட்காமல் விட்டவை நிறைய. பிறகு ஒரு மழைக்காலத்தில் காமு கால் முறிந்து படுத்திருந்தாள். அப்போதும் தண்டுகள் நசுங்கின. அவர் நடுவதை நிறுத்திக்கொண்டார்.

பன்னிரண்டு வருஷமாகியும் திரும்பாதவனுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அலைவான் என்றார் பாலிகஞ்ச் சாஸ்திரிகள். தான் போவதற்குள் பிள்ளைக்கு எள்ளும் தண்ணீருமாவது இறைத்துவிட வேண்டும் என்று வாஞ்சிநாதனுக்கு இருந்தது. காமுவிடம் ஒருமுறை சொன்னார். அவள் எழுந்து போய்விட்டாள். மகாளயத்துக்கு முன்னால் ஒரு நாளை அவரே தனியாகப் போய்க் குறித்துவிட்டு வந்தார்.

அந்த வாரமே தடத்தின் இரு ஓரங்களிலிருந்தும் கொடிகள் நீண்டன. யாரும் நடவில்லை. எந்த இலையும் நசுங்கவில்லை. நடுவில் அவை ஒன்றையொன்று தொட்ட அன்று காமு படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து ரயில் ஸ்டேஷனில் ஒரு வண்டி நின்று, கிளம்பிப் போயிற்று.

"என்ன பண்ணினேள்?"

அவர் குனிந்து ஒரு கொடியை விலக்கிப் பார்த்தார்.

"அவன்கிட்ட என்ன சொன்னேள்?"

"அவன்கிட்ட ஒண்ணும் சொல்லலை. சாஸ்திரிகள்கிட்ட நாள் கேட்டேன்."

"வரவேண்டாம்னு சொல்லிட்டேள்."

மறுநாள் அவர் பாலிகஞ்சுக்குப் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அதற்குப் பின் தினமும் விடிந்ததும் கொல்லையைப் பார்த்தார். இலைகள் நிமிர்ந்தே நின்றன. தடம் எங்கே இருந்தது என்பதே தெரியாதபடி பச்சை மூடிக்கொண்டு வந்தது.

ஒரு விடியற்காலையில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பின்கதவிலிருந்து படிவரை அழுத்தி அழுத்தி நடந்தார். ஈரத்தண்டுகள் காலடியில் ஒடிந்தன. திரும்பவும் நடந்தார்.

சமையலறை ஜன்னலுக்கு உள்ளிருந்து காமுவின் குரல் வந்தது.

"அது உங்க நடை. எனக்குத் தெரியாதா?"