ஐந்தாவது அடி

மகள் மேனுகாவின் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான். யாழ்ப்பாணத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர் வந்து தங்கப்போகிறார்கள். வீட்டிலோ ஒரேயொரு கக்கூஸ். அதனால்தான் கிருபாகரன் தன் கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டின் பின்வளவில் இன்னொன்றுக்குக் குழி வெட்டுவித்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

முதல் இரண்டடியில் இங்கிலீசுக்காரன் காலத்துப் பீங்கான் துண்டுகள். அதற்குக் கீழே ஒல்லாந்தரின் செங்கல், பிறகு போர்த்துக்கேயரின் சிப்பிச் சுண்ணாம்பு. ஆள வந்தவன் ஒருவனாவது தன் குப்பையை அள்ளிக்கொண்டு போகவில்லை. ஐந்தாவது அடியில் கறுப்பும் சிவப்புமாய் ஒரு மண்சட்டி. பக்கத்தில் மல்லாந்து கிடந்தது ஒரு மனித எலும்புக்கூடு. வெட்டிய இருவரும் தேத்தண்ணி குடிக்கப் போனவர்கள்தான், திரும்பி வரவில்லை.

கிருபாகரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எலும்பு என்றால் பொலிஸ். பொலிஸ் வந்தால் நீதவான் வருவார், தொல்பொருள்காரர் தூரிகையோடு வந்து குந்துவார்கள், வளவு மாதக்கணக்கில் பூட்டு. தமிழன் வளவில் எலும்பு என்றால் கேள்வியும் வேறு மாதிரி வரும். தானே மூடிவிடுவதென்று மண்வெட்டியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

பக்கத்து வீட்டு அலவி மதிலால் எட்டிப் பார்த்தார். பரம்பரையாக அந்த ஒழுங்கையில் இருப்பவர்.

“நம்மட மையித்தெண்டா வலப்பக்கமாச் சரிச்சி, மொகத்த மக்காப் பக்கம், கிப்லாவுக்குத் திருப்பி வெச்சிருப்பாங்க. இது நம்மட ஆளில்ல,” என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

பிறகு இருவருமாகச் சட்டியைப் பார்த்துக் கதைத்தார்கள். துறைமுகம் வருமுன் இங்கே இருந்த ஏதோ மீன்பிடிக் கிராமத்து மனிதன், ஆயிரம் வருசமாவது இருக்கும் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். அந்த ஆயிரம் கிருபாகரனுக்கு நல்ல வசதியாக இருந்தது. மண்ணைத் தள்ளத் தொடங்கினார்.

அப்போதுதான் பாக்கியலெட்சுமி வந்தார். ஒழுங்கை முடிவில் தனியாக இருப்பவர். 2008இல் அவருடைய மகன் பிரதீசை வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனதை ஒழுங்கையே பார்த்தது. அன்று யன்னலைச் சாத்தியவர்களில் கிருபாகரனும் ஒருவர். மகன் இன்றுவரை திரும்பவில்லை; வடக்கில் எங்கே புதைகுழி என்று கேள்விப்பட்டாலும் பாக்கியலெட்சுமி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவருவார். இன்றைக்குத் தேத்தண்ணிக் கடையில் செய்தி கிடைத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழியோரம் இருந்தார்.

கிருபாகரன் சட்டியைக் காட்டினார், செங்கல்லைக் காட்டினார், இது வெள்ளைக்காரனுக்கும் முந்திய ஆள் என்று விளங்கப்படுத்தினார். பாக்கியலெட்சுமி கடைசிவரை கேட்டார்.

“ஆயிரம் வருசம் எண்டு ஆர் தம்பி சொன்னது?”

“நாங்கள்தான் அக்கா. பார்க்கவே தெரியுதுதானே.”

“நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன். எனக்குத் தெரியேல்லையே.”

கிருபாகரனுக்கு வெட்கமாக இருந்தது. பதினைந்து வருடத்துக்கு மேலாகச் சேர்ந்திருந்த வெட்கம். மண்வெட்டியை மதிலில் சாத்தினார். மேனுகாவைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கு வேறு இடம் பார்க்கச் சொன்னார். அவள் அழத் தொடங்கினாள். அவர் பொலிசுக்குப் போன் எடுத்தார்.

மறுமுனையில் இருந்தவர் சிங்களத்தில், எவ்வளவு காலத்துப் பழைய எலும்பு என்று கேட்டார்.

தெரியாது சேர் என்றார் கிருபாகரன், சிங்களத்திலேயே. நீங்கள்தான் வந்து சொல்லவேண்டும், இங்கே ஒரு தாய் காத்திருக்கிறார் என்றார்.