அவங்ககிட்ட இருக்கா?

எங்கள் கம்பெனி இயங்குதளம் விற்கிறது. கணினியைப் போட்டதும் முதலில் கண் விழித்து, மற்ற மென்பொருள்களையெல்லாம் முதுகில் சுமப்பது அதுதான். நான் ஒப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மேலாளர் மேஜையில் மூன்று கணினிகள் இருக்கும். ஒன்றில் ஓடுவது எங்களுடையது. இன்னொன்றில் போட்டிக் கம்பெனியுடையது. அவர்களை நாங்கள் எதிர்க்கடை என்போம். தூசி படிந்த மூன்றாவதில் இலவசக்காரர்களுடையது. அது யாரெல்லாமோ வேலை முடிந்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதி, எழுதியதை ஊருக்கே திறந்து வைத்து, சும்மா கொடுப்பது.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. யார் என்ன யோசனை கொண்டுபோனாலும் அவர் முதலில் கேட்பது, "அவங்ககிட்ட இருக்கா?" இல்லை என்றால், "அப்ப நமக்கு எதுக்கு?" இருக்கிறது என்றால், "ஏன் இன்னும் நம்மகிட்ட இல்ல?" எதிர்க்கடையிலும் இதே மேஜை, இதே கேள்விதான் என்று அங்கிருந்து எங்களிடம் வந்து சேர்ந்த ஒருவர் சொன்னார். அவர்கள் எங்களைப் பார்ப்பார்கள், நாங்கள் அவர்களைப் பார்ப்போம். யாரையும் பார்க்காமல் தன் பாட்டுக்கு எதையாவது செய்துகொண்டிருந்தவர்கள் இலவசக்காரர்கள் மட்டும்தான். ஆகவே புதிதாக எதுவாக இருந்தாலும் அங்கேதான் முளைக்கும். பிறகு நாங்களும் எதிர்க்கடையும் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் கண்டுபிடித்ததாக விளம்பரம் செய்வோம். இதற்கு எங்கள் அலுவலகத்தில் புதுமை என்று பெயர்.

என் கவலை என் அக்கா. காது கேளாதவர்களுக்காகப் படங்களுக்கு வசனம் தட்டச்சு செய்கிறாள். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். சின்ன வயதில் என்னைத் திட்டிப் பழகியது. போன வருடம் அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. ஒரு தடவை தட்டினால் ஒரே எழுத்து மூன்று தடவை விழும். கதாநாயகன் உருகிப் பேசும் இடத்தில் எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். மருத்துவர் நீளமாக ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், பழகிக்கொள்ளச் சொன்னார். அக்கா பழகிக்கொண்டாள், அவளுடைய அலுவலகம் பழகிக்கொள்ளவில்லை. வருடம் முடிவதற்குள் பிழைகள் குறையாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் இயங்குதளத்தில் இதற்கு ஒரு வசதி ஏற்கெனவே உண்டு. அடுத்தடுத்து விழும் தட்டலைப் பொறுத்துப் பார்த்துத் தள்ளிவிடும். ஆனால் எல்லா விசைக்கும் ஒரே தாமதம். இரண்டு விரல் செய்த குற்றத்துக்கு மற்ற எட்டும் தண்டனை அனுபவிக்கும். அக்கா ஆமை வேகத்துக்கு வந்துவிடுவாள். எனக்குத் தோன்றியது எளிய விஷயம். எந்த விசையில் நடுக்கம் விழுகிறது என்று கணினியே கவனித்து, அந்த விசையில் மட்டும் பொறுமை காட்டட்டும். தராசிடம் போனேன்.

"அவங்ககிட்ட இருக்கா?"

"இல்ல சார். ஆனா எங்க அக்காவுக்கு..."

"எத்தனை அக்கா?"

"ஒண்ணுதான் சார்."

"பாக்கலாம்," என்றார். பார்க்கவில்லை.

அக்காவுக்கு மட்டும் தனியாக எழுதிக் கொடுக்கவும் வழியில்லை. அவள் அலுவலகத்தில் ஓடுவது எங்கள் இயங்குதளம். வெளியார் எழுதிய எதையும் அந்தக் கணினிகளுக்குள் விடமாட்டார்கள். எங்கள் கம்பெனி கொடுத்தால்தான் உண்டு. எங்கள் கம்பெனி கொடுக்க வேண்டுமென்றால் முதலில் வேறு யாராவது கொடுத்திருக்க வேண்டும். ஆகவே, இலவசக்காரர்களுக்கே எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதில் ஒரு சிக்கல். என் வேலை ஒப்பந்தப்படி, சம்பளம் வாங்கும்வரை என் மூளையில் முளைக்கும் மென்பொருள் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம், குளிக்கும்போது முளைத்தாலும் சரி. ஆகவே எழுதியதை அத்தானிடம் கொடுத்தேன். அத்தான், அக்காவின் வீட்டுக்காரர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருக்குப் பொய் சொல்ல வராது. ஒருமுறை ஆளில்லாத சந்தில் நின்றிருந்த காரை லேசாக உரசிவிட்டு, அதன் சொந்தக்காரர் வரும்வரை மழையில் நின்று மன்னிப்புக் கேட்டவர். இந்த வேலைக்கு அவரைவிட மோசமான ஆள் கிடைக்க மாட்டார். ஆனால் எனக்கு வேறு அத்தான் இல்லை.

இலவசக்காரர்களின் தளத்தில் அவர் கணக்குத் திறந்தார். பெயர் கேட்டதும், பாடம் நடத்தும் காரில் தன் காலடியில் இருக்கும் கூடுதல் பிரேக்கை நினைத்து, 'இரண்டாம் பிரேக்' என்று போட்டார். எழுதியதை ஏற்றினோம். இது எதற்கு என்று ஒருவர் கேட்டார். நான் பக்கம் பக்கமாகப் பதில் தயாரித்துக்கொண்டிருந்தபோது அத்தான் முந்திக்கொண்டு, "என் வீட்டுக்காரிக்கு ரெண்டு விரல் நடுங்குது" என்று போட்டுவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆனால் அங்கே அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. ஒருவர் தன் அப்பாவுக்கும் அப்படித்தான் என்றார். இன்னொருவர், நான் எழுதியிருக்கும் லட்சணத்தைக் கண்டு தனக்குக் கண் வலிப்பதாகச் சொன்னார். சேர்த்துவிட்டார்கள். அந்த ஊரில் ஒரு அக்கா செல்லுபடியாகிறாள்.

பிறகு எல்லாம் நான் போட்ட கணக்குப்படியே நடந்தது. அதைப் பார்த்த எதிர்க்கடை, தங்கள் அடுத்த பதிப்பில் இது வரும் என்று அறிவித்தது. தராசு என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் வச்சிருக்காங்க! ஏன் இன்னும் நம்மகிட்ட இல்ல?"

"நான் அப்பவே கேட்டேனே சார்."

"அப்ப அவங்ககிட்ட இல்லையே."

அவரைப் பேச்சில் மடக்க முடியாது.

நான் உட்கார்ந்தால் ஒரே நாளில் எழுதிவிடுவேன். அந்த வேகமே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று தயங்கினேன். அதற்குள் தராசு, இலவசக்காரர்களுடையதையே எடுத்துப் போட்டுவிடலாம் என்றார். சட்டப் பிரிவு அம்மா குறுக்கே விழுந்தார். அதை எடுத்தால் எங்களுடையதையும் ஊருக்குத் திறந்து காட்ட வேண்டும் என்பது அவர்கள் உரிமத்தில் உள்ள நிபந்தனை. எழுதியவரே எங்களுக்குத் தனியாக அனுமதி கொடுத்தால் மட்டும் தப்பிக்கலாம். இரண்டாம் பிரேக்குக்கு அழைப்பு போயிற்று.

"நான் மட்டும் போய்ட்டு வந்துடறேன்," என்றார் அத்தான்.

"நீங்க போய் உளறுவீங்க. நானும் வர்றேன்," என்றாள் அக்கா.

நீள மேஜை. ஒரு பக்கம் சட்ட அம்மா, தராசு, நான். எதிரே அக்காவும் அத்தானும். அவர்களை எனக்குத் தெரியாது என்று நடித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கும் எனக்கும் ஒரே மூக்கு. ஆகவே முடிந்தவரை தலையைக் குனிந்துகொண்டேன்.

"இதை எழுதினது நீங்கதான்னு உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடணும்," என்று சட்ட அம்மா தாளை அத்தானிடம் நீட்டினார்.

"ஒரு நிமிஷம்," என்றார் தராசு. "இதைப் படிச்சுப் பாத்தேன். நம்ம ஆள் எழுதின மாதிரியே இருக்கு." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒருவேளை நம்ம ஆளே எழுதியிருந்தா என்ன ஆகும்?"

"அப்ப இது நம்ம சொத்து. அனுமதியே வேண்டாம்," சட்ட அம்மாவின் முகம் மலர்ந்தது. "அந்த இலவசத்துல இருந்து இதை நீக்கச் சொல்லிடலாம். எதிர்க்கடைக்கும் ஒரு நோட்டீஸ் விட்டா அவங்களும் விட்டுருவாங்க."

தராசு அதை நிறுத்துப் பார்த்தார். "யார்கிட்டயும் இல்லன்னு ஆயிட்டா, அப்புறம் நமக்கு மட்டும் எதுக்கு?"

என் வேலை போனால் போகட்டும் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. கூடவே அக்காவின் வேலையும் போகும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"சொல்லுங்க," என்றார் தராசு அத்தானிடம். "நீங்கதான் எழுதினீங்களா?"

அத்தான் பேனாவைக் கீழே வைத்தார். "உண்மையச் சொல்லணும்னா..."

"அவர் எழுதல," என்றாள் அக்கா. "கணக்குத் திறந்ததுதான் அவர். எழுதினது நான்."

தராசு அவள் கையைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். வெளியிடங்களில் அக்கா அந்தக் கையை மடியில் வைத்து மறைத்துக்கொள்வாள். இப்போது அதை எடுத்து மேஜைமேல், எல்லோருக்கும் நடுவில் வைத்திருந்தாள். இரண்டு விரல்களும் பலகையில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டன.

"எதுக்கு ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியா?" என்று கேட்டார் தராசு.

"எல்லா விரலும் ஒரே மாதிரி ஆடல சார்."

"ஆயிரம் வரிக்கு மேல இருக்கு. இந்தக் கைய வச்சுக்கிட்டு எப்படிம்மா எழுதினீங்க?"

"மெதுவா," என்றாள் அக்கா.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளை யாரென்றே தெரியாதவன் அழ முடியாது. தராசு சட்ட அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அத்தான் வாய் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். சட்ட அம்மா தாளை அவரிடமிருந்து எடுத்து அக்கா பக்கம் நகர்த்தி, அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அதன் ஓரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டார்.