தொடக்கூடாத கம்பி

பட்டறைத் தெருவில் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தால் போதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். சர்க்கரை வியாதி கண்ணை வாங்கிக்கொண்ட பிறகும் காது இருந்தது, கை இருந்தது. எந்த போல்ட் எவ்வளவு இறுக்கம் என்று விரல் சொல்லும். "மாமா தொட்டா இஞ்சினே வாயைத் திறந்து ஆ காட்டும்" என்று மச்சினன் கேலி செய்வான். அதற்கு மட்டும் சிரிப்பார். வேறு யாராவது பரிதாபப்பட்டால் வருமே ஒரு கோபம், அப்பப்பா.

அவர் மனைவி ஜீப் ஓட்டினாள். கல்குவாரி ஒரு பெரிய பள்ளத்தில் இருந்தது. அதிலிருந்து ஊருக்கு வரும் செங்குத்து மேட்டில் அவளுடைய நாலு சக்கர இழுவை ஜீப்தான் ஏறும். ஆட்களை ஏற்றி இறக்குவதும் அவள்தான், அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அவள்தான். அவளுடைய ஒரே தம்பியும் அந்தப் பள்ளத்தில்தான் பாறை துளைத்துக்கொண்டிருந்தான்.

கல்தூசிதான் அந்த வண்டிக்கு எமன். ஃபில்டரையும் ஏமாற்றிவிட்டு உள்ளே போய் ஏர் சென்சாரில் அப்பிக்கொள்ளும். இஞ்சின் எவ்வளவு காற்று இழுக்கிறது என்று அளந்து சொல்வது அதற்குள் இருக்கும் தலைமுடி கனத்துக் கம்பி. அது தப்பாகச் சொன்னால் பெட்ரோலும் தப்பாகப் போகும், வண்டி மேட்டில் திணறும். மாதாமாதம் கழற்றி, அதற்கென்று விற்கிற ஸ்பிரேயை அடித்து, தானாகக் காயவிட்டு மாட்டவேண்டும். துணி படக்கூடாது, விரல் படவே கூடாது. மற்ற வேலையெல்லாம் டாக்டர் செய்வார்; இதை மட்டும் அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவள் செய்வாள். விரலால் பார்க்கிற மனுஷனுக்கு விரல் படாத சாமான் ஒன்று! விதிக்குக் கொழுப்பு என்றால் இதுதான்.

அந்த மாதம் அவளுக்கு ஒழியவில்லை. வண்டி நிற்கும்போதே இஞ்சின் சத்தம் ஏறி இறங்குவதைக் கேட்டு அவர் சொல்லிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அடித்துப்போட்ட மாதிரி தூங்கிப்போனாள். காலையில் எழுந்து வந்தால், அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஜீப் பக்கத்தில் நிற்கிறார்.

"சென்சாரைச் சுத்தம் பண்ணி மாட்டிட்டேன். ஸ்டார்ட் பண்ணிப் பாரு."

கம்பியைத் தொட்டீர்களா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. எத்தனையோ நாளாகக் காணாத சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. வண்டியும் நல்லபடியாகத்தான் கிளம்பியது.

முற்பகலில் பாறை சரிந்து தம்பியின் தொடையை நசுக்கிவிட்டது. கூட வேலை செய்த ஒருவன் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள, பின்னால் படுக்கவைத்துக் கிளம்பினாள். பாதி மேட்டில் இஞ்சின் இருமியது, குலுங்கியது, நின்றது. சாவியைத் திருகினாள், பிடித்தது, மறுபடி நின்றது. பாட்டரியைப் பார்த்தாள், பெட்ரோல் பைப்பைப் பார்த்தாள். பதற்றத்தில் புத்தி வேலை செய்தால்தானே! கடைசியில் சென்சாரைக் கழற்றினாள். கம்பி ஒரு முனை அறுந்து, வண்டி ஆடும்போதெல்லாம் ஒட்டியும் ஒட்டாமலும் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுக்குப் போயிற்றா என்று அவர் எப்படித்தான் தெரிந்துகொள்வார்? ஒரே ஒரு தடவை தடவிப் பார்த்திருப்பார். கோபம்கூட வரவில்லை.

"அக்கா, தண்ணி" என்றான் தம்பி.

"மேல போய்த் தரேன்டா. இதோ ஆச்சு."

அளக்கிறவன் பொய் சொன்னால் அவன் வாயைக் கட்டிவிடு, இஞ்சின் குத்துமதிப்பாக ஓடிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். சென்சாரை இருந்த இடத்தில் செருகி, ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டாள். வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு முதல் கியரில் ஊர்ந்தது. இறங்கித் தள்ளலாமா என்றுகூட இருந்தது அவளுக்கு. மேட்டின் உச்சியைத் தொட்டபோது பின்னாலிருந்தவன் அவள் தோளைத் தொட்டான்.

"இனிமே மெதுவாவே போங்கக்கா."

சாயங்காலம் ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே அவர் வாசலில் நின்றார். சேதி யாரோ சொல்லியிருந்தார்கள். சென்சார் இல்லாமல் ஓடும் இஞ்சினை அந்தக் காது கண்டுபிடிக்காமல் இருக்குமா? முகம் வெளுத்திருந்தது.

"வண்டி எங்க நின்னுச்சு?"

வழியெல்லாம் யோசித்து வைத்த பொய்யை அவள் சொன்னாள். "ஆஸ்பத்திரியிலருந்து திரும்பி வரும்போது. பழைய சென்சார்தானே, அதுவா போயிடுச்சு. தம்பி பள்ளத்துலயே போயிட்டான். நான் போய்ச் சேர்ந்தப்பவே உசுரு இல்ல."

அவர் தரையில் உட்கார்ந்து பெருங்குரலெடுத்து அழுதார். கூட வந்தவனிடமும் அப்படியே சொல்லச்சொல்லிக் கெஞ்சியிருந்தாள். போனவன் போய்விட்டான், இருக்கிறவராவது இருக்கட்டும் என்று நினைத்தாள். அந்தத் துக்கத்திலும் அது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

அடக்கம் முடிந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வீடு வெறிச்சென்று ஆனபிறகு, அவள் தம்பியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டைக் காலரில் கல்தூசி இன்னும் போகவில்லை. அதையே தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் தடவித் தடவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மச்சான் கடைசியா உங்கிட்ட என்னம்மா பேசினான்?"

அன்று காலை குவாரியில் அவனை இறக்கிவிட்டபோது பேசியதைத்தான் அவர் கேட்டார், பாவம். அவள் மனம் அந்த மேட்டைவிட்டு இன்னும் இறங்கவே இல்லை.

"தண்ணி கேட்டான். மேல போய்த் தரேன்னு சொன்னேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சட்டையைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. அவர் வலது கையை மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டார்.