கேட் வரைக்கும் போகாத பாதை

எனக்குப் பொறாமைன்னு என் வீட்டுக்காரர் சொல்றார். ஆமா, பொறாமைதான். இல்லேன்னு யார் சொன்னா?

எங்க வீட்டுக்கும் என் தங்கச்சி வீட்டுக்கும் நடுவுல ஒரு பழைய செங்கல் சூளை. எப்பவோ மூடிட்டாங்க. இப்ப அதை இடிக்காம பூங்காவா மாத்தறாங்க. புகைபோக்கி அப்படியே நிக்குமாம். கல் காயவெச்ச கொட்டகை படிப்பகம் ஆகுமாம், மண் தோண்டின பள்ளம் குளமாம். பாதை விஷயத்துல மட்டும் அந்த வேலையைப் பாக்கற இன்ஜினியர் பொண்ணு கறார். புதுசா வெட்ட மாட்டா. ஜனங்க நடந்து தேஞ்ச தடம் எங்கே இருக்கோ, அங்கேதான் சூளையில கிடக்கிற பழைய செங்கலைப் பதிப்பா.

தங்கச்சி வீட்டு கேட்டுக்கு ரெண்டு தடம் போகுது. ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு அந்தத் தையல்காரியோடது. அவ எங்க தெருவுக்குக் குடிவந்ததுலேருந்து நான் எப்பப் போனாலும் அங்கேதான் இருப்பா, அதுவும் நான் உட்கார்ற நாற்காலியில. ஒரு நாள் தங்கச்சி அவளுக்கு டீ ஆத்திக் கொடுத்துட்டு, "உனக்கும் வேணுமாக்கா?"ன்னு என்னைக் கேட்டா. என்னைப் போய்க் கேக்கணுமா? அன்னிக்கு எந்திரிச்சு வந்தவதான், அப்புறம் போகவே இல்ல.

என் தடத்துல புல் மண்டிப் போச்சு. அவ தடம் பளிச்சுன்னு கிடக்கு. அந்தப் பக்கம் ஒரு பாதைக்குத்தான் செங்கல் தேறும்னு சொன்னாங்க பாருங்க, எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. நான் இடுப்புல தூக்கி வளத்த பிள்ளை வீட்டுக்கு, நேத்து வந்தவ வழியா?

வீட்டுக்காரரோட வேலை பூட்ஸை எடுத்து மாட்டினேன். தினமும் மத்தியானம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பாத்து, தொம் தொம்னு மிதிச்சேன். புல் எல்லாம் நசுங்கி மண் தெரிஞ்சுது.

அளக்க வந்த அன்னிக்குத் தெருவே கூடியிருந்துச்சு. இன்ஜினியர் பொண்ணு என் தடத்துல குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டே போனா.

"யாரோ ஒரே ஆள் பெரிய பூட்ஸ் போட்டு நடந்திருக்காங்க. ஆனா கேட் வரைக்கும் போகல. கொஞ்சம் முன்னாலேயே நின்னு நின்னு திரும்பியிருக்காங்க. எங்கேயும் போய்ச் சேராததைப் பாதைன்னு எப்படிங்க சொல்றது?"

தையல்காரி என் காலைப் பாத்தா. நல்லவேளை, அன்னிக்குச் செருப்பு.

"அது எங்க மாமா பூட்ஸ்"னு கேட்டுக்குள்ளேருந்து தங்கச்சி சொன்னா. எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு. அவ வெளியே வந்து, நான் மிதிக்காம விட்ட புல்லைத் தாண்டி, என் பக்கத்துல நின்னா. "செங்கலை இதுக்கே போடுங்க."

எனக்குத் தலைகால் புரியல. தையல்காரியை ஒரு பார்வை பாத்தேன்.

"அப்ப இவங்க தினம் வர்ற வழி?"ன்னு இன்ஜினியர் பொண்ணு தையல்காரியைக் காட்டினா.

"அவ வழி இல்லேன்னாலும் வந்துடுவா. எங்கக்காவுக்குத்தான் போட்டுக் கொடுத்தாகணும்."

தையல்காரி மேல இருந்த பார்வையை எடுத்து என் செருப்பைப் பாத்தேன்.

செங்கல் பதிச்சாச்சு. தினமும் அதுமேல ஜம்முன்னு நடந்துதான் போறேன். போனா, அந்தத் தையல்காரி கால் முழுக்கச் சேறோட எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கா.