ஒட்டுவதா, மிதக்க விடுவதா?

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது. கதவுக் கைப்பிடி வாங்கப் போன கடையில் ஒரு மாமியாரும் மருமகளும் மரத்தரைக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடியை மறந்துவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: ‘மாடியறையில் காலை ஒளி மெல்லப் படர்ந்து…’ வேண்டாம். ஒளி படராமல் ஒரு கதைகூடத் தொடங்காதா?

இரண்டாம் தொடக்கம்: மரத்தரை போட வந்த பலகைக்காரர் மாடியறையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "ரெண்டு வழி இருக்கு மேடம். பலகைய ஒண்ணோட ஒண்ணு கோத்து, தரையில ஒட்டாம மிதக்க விடலாம். சீக்கிரம் முடியும், ஆனா நடந்தா டொக்கு டொக்குன்னு கேக்கும். பசை போட்டு ஒட்டினா சத்தம் அடங்கிடும். பின்னால பெயர்க்கிறதுதான் பெரும்பாடு."

"ஒட்டிடுங்க," என்றாள் மருமகள்.

"மிதக்கட்டும்," என்றார், கீழ்வீட்டிலிருந்து மூச்சு வாங்க ஏறிவந்த மாமியார்.

3.

மாமியாரை வேவு பார்க்கும் வில்லியாக்கத்தான் நினைத்தேன். (சோம்பேறி எழுத்தாளனுக்கு மாமியாரைப் போலக் கைகொடுப்பவர் யாருமில்லை.) மருமகளுக்கோ, கீழே கேட்டுவிடக் கூடாத ஒரு ரகசியம் இருந்தது. கணவன் வேலைக்குக் கிளம்பியதும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவாள். கற்றுக்கொண்ட ஆட்டம் இல்லை, கண்டபடி ஆட்டம். நாள் முழுக்க யாருக்காவது ஏதாவது செய்துகொண்டிருப்பவளுக்கு அந்த அரைமணி மட்டும்தான் சொந்தம்.

"இதை எதுக்கு எல்லார்கிட்டயும் சொன்னீங்க?" என்று கதைக்குள்ளிருந்தே என்னை முறைத்தாள்.

மன்னித்துக்கொள்ளம்மா. கதைக்குத் தேவைப்பட்டது.

4.

"மிதக்க விட்டா நான் நடக்கிறதெல்லாம் உங்களுக்குக் கேக்கும் அத்தை."

"இப்ப மட்டும் கேக்கலையா? அவன் கிளம்பினதும் தொம்தொம்னு குதிக்கிறியே."

மருமகளின் முகம் வெளிறிப்போனது.

"குதிக்கிறது தெரியுது, தாளம்தான் பிடிபடல. நானும் கீழ காலைத் தட்டித் தட்டிப் பாக்கிறேன். மிதக்கிற பலகைன்னா தெளிவாக் கேக்கும்ல?"

இந்த வசனத்தை நான் எழுதவில்லை.*

* சத்தியமாக. வில்லிக்கென்று நல்ல வசனமாக ஒன்று வைத்திருந்தேன். வீணாக்கிவிட்டார்.

மருமகளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கேட்காமலே ஒரு ரசிகை கிடைத்துவிட்டாள். ஆனால் அந்த அரைமணி இனி அவளுடையது மட்டுமில்லை.

5.

முடிவு அ: ஒட்டச் சொல்கிறாள், கீழே அத்தை, தட்டுவதற்குத் தாளமில்லாமல்… (அழவைக்கும். வேண்டாம்.)

முடிவு ஆ: மிதக்க விடுகிறாள், இருவரும் கைகோத்து… (சினிமா.)

"என்ன மேடம், பசை டப்பாவைத் திறக்கவா, வேணாமா?"

"சொல்றேன்," என்ற மருமகள், அத்தையையும் என்னையும் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க."

கதவு சாத்தப்பட்டது. அத்தை அதில் காதை வைத்தார். நானும் வைத்தேன்.

"எதாவது கேக்குதா?"

"இல்லம்மா."

"எழுதறவனுக்கே தெரியலையா? அப்ப அவங்களைக் கேளு," என்று உங்களைக் காட்டினார். "இவ்வளவு நேரம் சும்மா படிச்சிட்டுத்தானே இருந்தாங்க!"